உயிர் காலேஜும் சோலைமந்தியும்

குற்றாலத்துக்குச் சீசனுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு குரங்கைத் தெரியும். மெயினருவிக்குப் போகும் வழியில் கையிலிருக்கும் பழப்பையைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் நாட்டுக்குரங்குதான் அது. தென்னிந்தியா முழுக்க, கோயில் இருக்கும் ஊரில் எல்லாம் இருக்கிற சாதாரணக் குரங்கு. ஆனால் குற்றாலத்தில் தொடங்கித் தெற்கே மகேந்திரகிரி வரை போகும் அந்த மலைத்தொடரின் மேல்காட்டில் இன்னொரு குரங்கு வாழ்கிறது. அது அருவிக்கு வராது. பஜ்ஜி கேட்காது. தரைக்கே அதிகம் இறங்காது. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறு எங்கும் அது கிடையாது. அதுதான் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு.

வாலின் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல ஒரு குஞ்சம் இருப்பதால் இந்தப் பெயர். உண்மையில் வாலைவிட முகம்தான் சிங்கம் மாதிரி இருக்கும். கறுத்த முகம், அதைச் சுற்றி வெள்ளியும் சாம்பலும் கலந்த அடர்ந்த பிடரி, பளபளவென்று கறுப்பு உடம்பு. ஒருமுறை பார்த்தால் மறக்காது. அந்த அழகுதான் அதற்கு வினையாகவும் முடிந்தது.

குற்றாலத்தையும் குரங்கையும் பிரித்துப் பேச முடியாது. தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் முதலில் வந்து நிற்பவை குரங்குகள்தான். அருவி அதற்குப் பிறகுதான் வருகிறது! கவிராயர் மனதில் இருந்தது நாட்டுக்குரங்கா சோலைமந்தியா என்று பாட்டை வைத்துச் சொல்ல முடியாது. மலை என்றால் குரங்கும் சேர்ந்ததுதான் என்பது மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லாத விஷயமாக இருந்திருக்கிறது.

ஐரோப்பியர்களுக்கு இந்தக் குரங்கு தெரியவந்தது வேடிக்கையான கதை. 1758-லேயே லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். ஆனால் இது எந்த ஊர்க்காரர் என்பதில் ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. கப்பலில் வந்து சேரும் விலங்குக்கு ஊர் எது என்று கேட்டால் துறைமுகத்தின் பெயரைத்தானே சொல்வார்கள்? இலங்கைக் குரங்கு என்று எழுதிவைத்தார்கள். சிங்களத்தில் குரங்கைக் குறிக்கும் ‘வந்துரா’ என்ற சொல்லைத் திரித்து ‘வாண்டெரூ’ என்று பெயரும் சூட்டினார்கள். இலங்கையில் அப்படி ஒரு குரங்கே கிடையாது என்பதை 19-ஆம் நூற்றாண்டின் இயற்கையியலாளர்கள் தெளிவாக்கிய பிறகும், ஐரோப்பியக் காட்சிசாலைகளில் அந்தப் பெயர் சுலபத்தில் போகவில்லை. தன் மலையின் பெயர்கூட இல்லாமல்தான் இந்த விலங்கு கூண்டுக்குள் நின்றிருக்கிறது.

இனி சென்னைக்கு வருவோம். சென்னைப் பட்டணத்து மக்கள் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும், எழும்பூர் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சொல்வது வழக்கம். இதைக் கேலி என்று நினைத்தால் தப்பு. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மனிதர் கையில் உருவானவை என்ற வரலாறு அந்த இரண்டு பெயர்களுக்குள்ளும் இருக்கிறது.

அந்த மனிதர் எட்வர்ட் கிரீன் பால்ஃபர். ஸ்காட்லாந்துக்காரர். 1834-ல் ராணுவ மருத்துவப் பணிக்காக இந்தியா வந்தவர். 1851-ல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு முதல் பொறுப்பாளர். பாடம் செய்த விலங்குகளைவிட, மியூசியத்தில் உயிரோடு இருந்த ஒன்றிரண்டு விலங்குகளைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்பதை அவர் கவனித்தார். ஆற்காட்டு நவாபிடம் பேசி, அவரிடம் இருந்த விலங்குகளை மியூசியத்துக்கு வாங்கிக்கொண்டார். 1855-ல் எழும்பூர் பாந்தியன் வளாகத்தில் சென்னை மிருகக்காட்சி சாலை இப்படித்தான் பிறந்தது. விலங்குகள் பெருகவே 1860-களில் அது சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் உயிர் காலேஜ் என்றால் அந்த இடம்தான். மூர் மார்க்கெட்டும் உயிர் காலேஜும் பார்க்காமல் ஊர் திரும்பினால் பட்டணம் பார்த்ததாகவே கணக்கில்லை.

பால்ஃபரைப் பற்றி எழுதுகிறவர்கள் மியூசியம், மிருகக்காட்சி சாலை, இந்தியக் கலைக்களஞ்சியம், பெண்கள் மருத்துவம் படிக்க அவர் கொடுத்த ஆதரவு இவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அவர் செய்த இன்னொரு வேலை முக்கியமானது. 1840-களிலேயே, மரங்களை வெட்டினால் ஊரின் தட்பவெப்பமும் நீரும் என்ன ஆகும் என்று தகவல் திரட்டி எழுதியவர் அவர். காடு போனால் ஊற்று வற்றும், வறட்சி வரும் என்பதை அரசாங்கத்துக்கு எடுத்துச் சொன்ன ஆரம்பகாலக் குரல்களில் ஒன்று அது. சென்னை மாகாணத்தில் காடுகளுக்கென்று தனி அதிகாரி வந்ததே 1856-ல்தான். கூண்டைக் கட்டிய அதே மனிதருக்குக் காடும் முக்கியமாகப் பட்டிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் கூண்டை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள்.

தென்காசிப் பக்கத்து மலைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி ஜில்லா. பக்கத்திலேயே இருக்கும் செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆக ஒரே மலைக்கு இரண்டு அரசாங்கம், இரண்டு தலைநகரம், இரண்டு மிருகக்காட்சி சாலை! திருவனந்தபுரத்தில் 1857-ல் மியூசியமும் அதையொட்டி மிருகக்காட்சி சாலையும் வந்துவிட்டன. சென்னையைவிடத் திருவனந்தபுரம்தான் இந்த மலைக்குக் கிட்டம். சோலைமந்தி இரண்டு இடத்துக்கும் போயிருக்கிறது, கடல் தாண்டியும் போயிருக்கிறது.

‘அரிய விலங்கு புதுவரவு’ என்று செய்தி வரும்போது யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. அது எங்கிருந்து வந்தது? இன்று மிருகக்காட்சி சாலைகளுக்குள் பரிமாற்றம் நடக்கிறது. இங்கே பிறந்தது அங்கே போகும், அங்கே பிறந்தது இங்கே வரும். அன்று அப்படி இல்லை. கூண்டில் ஒன்று கூடினால் காட்டில் ஒன்று குறைந்தது என்று அர்த்தம். குரங்கு விஷயத்தில் ஒன்று மட்டும் குறைவதில்லை. குட்டியைப் பிடிக்கத் தாயைச் சுடுவது உலகம் முழுக்கக் குரங்கு வியாபாரத்தில் இருந்த வழக்கம்.

சோலைமந்தி போன்ற விலங்கு இந்தக் கணக்கைத் தாங்காது. ஒரு பெண்மந்தி முதல் குட்டி போட ஐந்தாறு வயதாக வேண்டும். கர்ப்பம் ஏறக்குறைய ஆறு மாதம். ஒரு தடவைக்கு ஒரே குட்டி. காட்டில் அடுத்த குட்டிக்கு இரண்டரை வருஷம்கூட ஆகும். நாட்டுக்குரங்கு மாதிரி கிடைத்ததைத் தின்று எங்கேயும் பிழைத்துக்கொள்ளும் ஜாதியும் இல்லை. பசுமை மாறாத மழைக்காடுதான் வீடு. அங்கே அதற்குப் பெரிய ஆதாரம் வெடிப்பலா மரம். குற்றாலத்தில் சீசனில் விற்கும் துரியன் பழம் தெரியும் அல்லவா, அதற்கு நெருங்கிய உறவு. முள் முள்ளான காயைப் பிளந்து உள்ளே இருக்கும் விதையைத் தின்னும். அந்த மரம் பூக்கும்போது பூவையும் விடாது. வெடிப்பலா இருக்கும் காடு போனால் சோலைமந்தியும் போகும்.

அந்தக் காடு எப்படிப் போனது என்பது துப்பாக்கியைவிடப் பெரிய கதை. 1800-களின் தொடக்கத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் அங்கே பயிராயின. அது சின்ன அளவுதான். பிறகு மலைமேல் காப்பி வந்தது, தேயிலை வந்தது, ரப்பர் வந்தது, தேக்கு வந்தது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன், பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மலைநிலம் 8,000 ஏக்கருக்கு மேல். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற எஸ்டேட்டுகள் அங்கேதான் எழுந்தன. மழைக்காட்டின் நட்ட நடுவில்! 2024-ல் அந்தக் கம்பெனி வேலையை நிறுத்தி, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் தலைமுறைக் கணக்கில் இருந்த வீடுகளை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. காட்டை அழித்துத் தோட்டம் போட்டதும் அவர்கள் முடிவல்ல, தோட்டத்தை மூடியதும் அவர்கள் முடிவல்ல. காடு திரும்ப வரட்டும் என்று சொல்வது சுலபம். அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேல் ‘கருங்குரங்கு லேகியம்’ என்று ஒரு பைத்தியக்காரத்தனம். உடம்புக்குப் பலம் என்று சொல்லி நீலகிரி மந்தியை வேட்டையாடினார்கள். அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு. மரத்தின் உச்சியில் இலை மறைவில் இருப்பது எது என்று வேட்டைக்காரன் நின்று பார்த்துக்கொண்டிருப்பானா? சோலைமந்தியும் சேர்ந்தே அடிபட்டது.

1970-களில் ஸ்டீவன் கிரீன், காரன் மின்கோவ்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஆசம்பு மலைகளுக்கு வந்தார்கள். குற்றாலத்துக்குத் தெற்கே நீளும் தொடருக்குத்தான் ஆசம்பு மலைகள் என்று பெயர். மழையிலும் அட்டைக்கடியிலும் சோலைமந்திக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து எண்ணிப் பார்த்து அவர்கள் 1977-ல் வெளியிட்ட கணக்கு பலரைத் திடுக்கிட வைத்தது. உலகத்திலேயே காட்டில் மிஞ்சியிருப்பவை 400-ஐச் சற்றுத் தாண்டும், அதில் ஏறக்குறைய பாதி இந்த ஆசம்பு மலைகளில் என்றார்கள்! பின்னால் கேரளத்திலும் கர்நாடகத்திலும் விரிவாகத் தேடியபோது அந்த எண் மிகவும் குறைவு என்று தெரிந்தது. இப்போதைய மதிப்பீடு 4,000-ஐ ஒட்டி இருக்கிறது.  1976-ல் தமிழ்நாடு அரசு களக்காட்டுக் காட்டில் ஏறக்குறைய 224 சதுர கிலோமீட்டரைச் சரணாலயம் ஆக்கியது. புலிக்காகவோ யானைக்காகவோ அல்ல, இந்தக் குரங்கை மனதில் வைத்து! பக்கத்தில் முண்டந்துறை 1962-லிருந்தே புலிகள் சரணாலயம். இரண்டும் சேர்ந்து 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆயின. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது.

கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக்கூடாது என்று நடந்த போராட்டத்திலும் சோலைமந்திதான் முகமாக நின்றது. 1984-ல் அங்கே தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ஒரு குரங்கால் ஒரு மின்திட்டமே நின்றது என்றால் சும்மாவா?

இதே காலத்தில் சென்னையின் உயிர் காலேஜும் மாறிக்கொண்டிருந்தது. பீப்பிள்ஸ் பார்க்கில் இடம் இல்லை. சுற்றிலும் ரயில் சத்தம், பஸ் புகை, இரும்புக் கம்பிக் கூண்டுகள். 1979-ல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கினார்கள். 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். கம்பிக்குப் பதில் அகழி, சிமெண்ட் தரைக்குப் பதில் மண்ணும் மரமும். விலங்கை வேடிக்கைப் பொருளாகக் காட்டிய காலம் முடிந்து, இனத்தைக் காப்பாற்றும் இடம் என்று பேச ஆரம்பித்த காலம் அது. பின்னாளில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் திட்டத்தில், சிங்கவால் குரங்குகளின் இனப்பெருக்கத்துக்கு வண்டலூர் ஒருங்கிணைப்புப் பூங்கா ஆனது.

நல்ல விஷயம்தான். ஆனால் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது எது? வெள்ளைப் புலி! 2000-களில் வண்டலூரில் வெள்ளைப் புலியைப் பார்க்க அலைமோதிய கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளைப் புலி தனி இனமே கிடையாது. நம் புலியில் ஒரு மரபணு மாற்றத்தால் நிறம் வெளுத்தது, அவ்வளவுதான். 1951-ல் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வம்சத்தை உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துப் பெருக்கியவைதான் கூண்டுகளில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. அதைக் காப்பாற்றி எந்தக் காட்டுக்கும் எந்த லாபமும் இல்லை. உண்மையிலேயே அரிதான சோலைமந்தியோ, அதே பூங்காவில் யாரும் அதிகம் நின்று பார்க்காமல் உட்கார்ந்திருந்தது. கறுப்பாக, சத்தம் போடாமல் இருந்தால் யார் நிற்பார்கள்?

வெளிநாட்டுக் கதை இன்னும் விசித்திரம். 1980-களில் அமெரிக்க, ஐரோப்பியப் பூங்காக்கள் ஒன்றுசேர்ந்து, எந்த மந்திக்கு எது தாய், எது தகப்பன் என்று பதிவேடு வைத்து, திட்டம் போட்டுச் சோலைமந்திகளைப் பெருக்கின. நன்றாகவே பெருகின. எவ்வளவு நன்றாக என்றால், கொஞ்ச நாளில் வைக்க இடம் இல்லாமல் கருத்தடை செய்ய வேண்டிய நிலை வந்துவிட்டது! அழியும் இனம் என்ற பட்டியலில் இருக்கும் குரங்குக்கு ஒரு பக்கம் குடும்பக் கட்டுப்பாடு. காட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன என்று கேட்கலாம். கூண்டில் பிறந்த குரங்குக்கு வெடிப்பலாவை எப்போது தேடிப் போவது, எந்தக் கிளை தாங்கும், கழுகு வந்தால் எங்கே ஒளிவது என்று யார் சொல்லிக்கொடுப்பது? தாய்மந்தியின் வயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு படிக்க வேண்டிய படிப்பு அது. உயிர் காலேஜில் அந்தப் பாடம் இல்லை. நோய் பயமும் உண்டு. கூட்டமாக ஒரே இடத்தில் வைத்திருக்கும் விலங்குகளுக்கு என்ன ஆகும் என்பதை 2021 ஜூனில் வண்டலூரே பார்த்தது. ஒன்பது சிங்கங்களுக்குக் கொரோனா தொற்று உறுதியானது. ஜூன் 3-ஆம் தேதி நீலா என்ற பெண்சிங்கம் இறந்தது. அதே மாதத்தில் இன்னொரு சிங்கமும் போயிற்று.

அதனால்தான் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டைப் பற்றியே பேசுகிறார்கள். காடு இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக இருக்கிறது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிக்கிய சோலைமந்திகள் ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபடாமல் இருக்க, மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள். அது சில மீட்டர் இடைவெளிக்குச் சரி.

தென்காசிப் பக்கத்து இடைவெளி அப்படிப்பட்டதல்ல. ஆரியங்காவுக் கணவாய்! குற்றாலச் சாரலே இந்தக் கணவாயின் தயவுதான். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்திலிருந்து இந்த வழியாக நுழைந்து வருவதால்தான் தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் காயும்போது தென்காசி குளிர்கிறது. மனிதனுக்குச் சாரலைக் கொடுத்த அதே பள்ளம்தான் ஆசம்பு மலைக் காட்டுக்கும் வடக்கே பெரியாறு மலைக் காட்டுக்கும் நடுவில் கிடக்கிறது. இயற்கையாகவே தாழ்வான இடம், அதில் மனிதன் வேறு வந்துவிட்டான். 1904-ல் கொல்லம் – செங்கோட்டை ரயில்பாதை வந்தது. ரோடு வந்தது. இரண்டு பக்கமும் ரப்பரும் தேக்கும் தைலமரமும் வந்தன. 2018-ல் அதே பாதை அகலப்பாதையாகித் திரும்ப ரயில் ஓடத் தொடங்கியது. மரத்தை விட்டு இறங்கத் தயங்கும் குரங்குக்குத் தைல மரக்காடும் வெட்டவெளியும் ஒன்றுதான். தெற்கே இருப்பது தெற்கேயே, வடக்கே இருப்பது வடக்கேயே. பெண் எடுக்கவும் கொடுக்கவும் வழியில்லாத இரண்டு ஊர்கள் மாதிரி.

2015-ல் தமிழ்நாடு அரசு நெல்லை வனவிலங்குச் சரணாலயம் என்று ஒன்றை அறிவித்தது. ஏறக்குறைய 357 சதுர கிலோமீட்டர். சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், குற்றாலம் பக்கத்து மலைக்காடுகள் அதில் வருகின்றன. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது இந்தக் காடுகள் புது மாவட்டத்தின் மேற்கு எல்லை ஆயின. தெற்கே களக்காடு முண்டந்துறை, வடக்கே பெரியாறும் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலையும் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட காடுகள். நடுவில் இருந்த நீண்ட துண்டு இந்த அறிவிப்பால் வரைபடத்தில் நிரம்பியது. வெள்ளைப் புலிக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு செய்திகூட இதற்குக் கிடைக்கவில்லை. வரைபடத்தில் பச்சை நிறம் சேர்ந்துவிட்டது. கணவாயின் தரையில் இன்னும் ரப்பரும் தேக்கும் ரோடும் ரயிலும்தான் இருக்கின்றன.